பள்ளிக்கூட வயது

லிப்ட் மெக்கானிக்குக்கு வங்கி என்றாலே வேப்பங்காய். அங்கே கிடந்தது அவருடைய பணம் இல்லை. அவர் சம்பளம் மாதம் பிறந்ததும் வந்து, வந்த சுவடு தெரியாமல் போகிற ரகம். கிடந்தது அக்கா மகளின் பணம். அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தானும் தொழிற்சாலை விபத்தில் போனார். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டைக் குழந்தை பெயரில் போட்டார்கள். அவள் மேஜராகும்வரை கையெழுத்துப் போட வேண்டியவர் தாய்மாமன்.

அன்று பிடித்த தலைவலி. கட்டணம், சீருடை, கண்ணாடி, கணக்கு டியூஷன் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு கேட்டு, சூப்பர்வைசரின் கடுகடுப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் வேறு இப்போது அடிக்கடி மக்கர் பண்ணியது. இதில் கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்வது அவர் வேலை. சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவள் வேலை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். போன மாதம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் இல்லை என்றதிலிருந்து அந்த வாயும் அடைத்துப் போயிருந்தது. "எங்கப்பா காசுதானே அத்தே?" என்று அவள் அடுப்படியில் அவர் மனைவியிடம் கேட்டது அவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று பொதுத்தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள். லீவு இன்றுதான் கிடைத்தது. வங்கியில் கவுண்டர் அம்மா அவருடைய சீட்டைத் திருப்பித் தள்ளினார்.

"உங்க கையெழுத்து இனி செல்லாது சார். பொண்ணு மேஜராயிட்டா. போன வாரமே பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"பதினேழுங்க. போன வாரம்தான் வீட்ல கேக் வெட்டினோம்."

"நீங்க குடுத்த ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல பதினெட்டுன்னுதான் இருக்கு."

அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. அந்த ஒரு வயதைக் கூட்டியவர் அவரேதான். அப்போது குழந்தைக்கு ஐந்து வயது. அவரும் மனைவியும் வேலைக்குப் போக, அது பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கைமாறிக் கிடந்தது. ஆறு ஆனால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்போம் என்றது பள்ளிக்கூடம். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தது வசதியாகப் போயிற்று. ஆறு முடிந்துவிட்டது என்று கூசாமல் அடித்துவிட்டார். ரொம்பப் பொடிசா இருக்கே என்று தலைமையாசிரியை இழுத்தபோது, "எங்க குடும்பத்துல எல்லாருமே வளர்த்தி கம்மிங்க" என்றார், ஆறடி மனுஷன். அந்தச் சான்றிதழைத்தான் பின்னால் வங்கியிலும் கொடுத்தார். கொடுத்ததோடு மறந்தும் போனார்.

"அவளை வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டா கணக்கு அவ கைக்குப் போயிடும். அப்புறம் எடுக்கறதும் வைக்கறதும் அவ இஷ்டம்."

வெளியே வந்து சைக்கிள் நிற்கும் இடத்தில் நின்றார். ஆஸ்பத்திரி வார்டு பையனிடம் கைமாற்று வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். அடுத்த வருஷம்வரை அவளிடம் மூச்சுவிடாமல் இருக்கலாம். கல்லூரிக்கு என்று இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். சுற்றுலாவுக்குக் குதிக்கிற பெண் கையில் அது எத்தனை நாள் தங்கும்? ஆனால் மறைத்தால், அப்பா காசைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர் என்று அவள் நினைப்பது நிஜமாகிவிடும் என்று பட்டது. அதைவிட, அலுத்துவிட்டது. உண்மையாகவே அலுத்துவிட்டது. பள்ளிக்குப் போன் செய்தார்.

சீருடையோடு மூச்சிரைக்க வந்தாள். போட்டோ ஒட்டி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே நீதாம்மா ராஜா, நீதான் மந்திரி" என்றார் கவுண்டர் அம்மா.

"அப்பாடா! இறங்கிச்சு என் பாரம்" என்று மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "இனி இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். எவ்வளவு எடுக்கணும் என்று கவுண்டர் அம்மா கேட்டதற்குத் தேர்வுக் கட்டணத்தை மட்டும் சொன்னாள்.

பள்ளி அலுவலகம் சாத்துவதற்குள் ஓடிப் போய்க் கட்டினார்கள். ரசீது கைக்கு வந்தது. வாசலில் அவர் வங்கிப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"இந்தா. நீயே பத்திரமா வெச்சுக்கோ."

அவள் வாங்கவில்லை.

"நிஜமா எனக்கு எத்தனை வயசு மாமா?"

"பதினேழு. அந்த ஒரு வயசு நான் சேர்த்துச் சொன்னது."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் இருக்குல்ல?" அவள் புத்தகத்தை அவர் பக்கமே தள்ளினாள். "அதுக்குள்ள என்னைக் கை கழுவிடாதீங்க மாமா."

இவள் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வங்கியில் சிரித்த அந்தச் சிரிப்பை எடுத்து விழுங்கிவிட முடிந்தால் விழுங்கியிருப்பார்.

"யாருடி கை கழுவினா? அலுப்பெல்லாம் அந்த வங்கி மேலதான். உன் மேல இல்ல."

"ரெண்டும் உங்க மூஞ்சில ஒரே மாதிரிதான் மாமா தெரியுது."

இத்தனை வருஷம் எந்த மூஞ்சியோடு வீட்டுக்குள் நுழைந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வங்கிப் புத்தகத்தைத் தன் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியாக வேண்டும். நாலாவது மாடியில் லிப்ட் கதவு மூட மாட்டேன் என்கிறது என்று அதற்குள் ரெண்டு தடவை போன் வந்துவிட்டது. அவளை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட நிறுத்தத்தில் நின்றார்.

"டிக்கெட்டுக்குக் காசு வெச்சிருக்கியா?"

"இல்ல" என்று கையை நீட்டினாள், லட்சங்களுக்குச் சொந்தக்காரி.

அவர் சட்டைப் பையைத் துழாவினார்.