அலமாரிக் கதவில் ஆறு வாரம்

சிட்டு என்ற பெயர் அவளுக்குக் கைவேகத்தால் வந்தது. காலையில் பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்குவாள். மாலையில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். ஆலைக் கூலி வாடகைக்கு, கடைக் கூலி அடுப்புக்கு. ஆலையில் பெட்டிகள் சரிந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது இரண்டு வருமானமும் ஒரே நாளில் நின்றுபோயின.

நஷ்டஈட்டு அலுவலகத்துக் கணக்கர் அம்மாள் கறார் பேர்வழி. அடிபட்டது ஆலையில்தான் என்றாலும், இரண்டு வேலையும் நின்றிருந்தால் இரண்டு கூலியையும் சேர்த்துத்தான் தொகை போடுவோம் என்றார். ஆனால் கடைக் கூலிக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆலைக் கணக்கு மட்டும்தான். அப்படியானால் வாடகையைக் கொடுத்துவிட்டுச் சிட்டுவும் அவள் மகளும் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

சலவைக்கடைக்காரரிடம் காகிதம் என்று ஒன்று கிடையாது. எழுத்து உண்டு. துணிக்குக் குறி போடும் அழியாத மையால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைப்பார்: சிட்டுவின் கணக்கில் தேதி போட்டு நாளுக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேய்த்த துணிகளின் எண்ணிக்கை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. மனிதர் கீலைக் கழற்றி, கதவையே துணி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கணக்கரின் மேசையில் சாத்தி வைத்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சிட்டுவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கணக்கர் தேதி தேதியாக விரலை ஓட்டினார். அடிபட்ட நாளைத் தாண்டியும் விரல் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் ஆறு வாரத்துக்குக் கோடுகள்.

"கட்டுப் போட்ட கையோட வேலைக்குப் போனீங்களா?"

சிட்டு கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவ வரலம்மா. நான்தான் போட்டேன். எங்க கடையில கோடு நின்னா ஆளை எடுத்தாச்சுன்னு அர்த்தம். அவ இடம் அவளுக்கே இருக்கணும்னு தெனமும் ஒண்ணு இழுத்து வச்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அழித்துவிடலாம் என்றால் மையோ அழியாத மை. இந்த மனிதர்மேல் கோபப்படவும் சிட்டுவால் முடியவில்லை. தன் இடத்தை ஒருவர் இப்படிக் காத்து வைத்திருக்கிறார் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரியும். கண் கலங்கிவிட்டது.

கணக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். அடிபடும்வரை நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று கோட்டுக்குக் கோடு எண் இருந்தது. அதற்குப் பிறகு தேதியும் வெறும் கோடும்தான், துணி ஒன்றுகூட இல்லை. அவர் பேனாவைத் திறந்தார். ஆலைக் கூலிக்குக் கீழே கடைக் கூலியை எழுதி, இரண்டையும் கூட்டி, கதவைப் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தார்.

சிட்டுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடது கையால் கதவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையைத் தூக்கிய கடைக்காரர் கணக்கரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இனிமே கோடு போடலாமாம்மா?"

"தாராளமா போடுங்க," என்றார் கணக்கர். "கை சரியாகுற வரைக்கும் எண் மட்டும் போட்டுடாதீங்க."