முன்னறை வானம்

“ஏனுங்க, இடப்பக்கம் இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க,” என்றாள் ஜெஸிந்தா.

ஸ்டூல்மேல் நின்றிருந்த பிராங்ளின் படத்தின் இடது மூலையை விரலால் உயர்த்தினார். ஒரு மார்ச் மாதத்து அதிகாலையில் கேத்தியில் எடுத்த படம். கீழே கேரட் தோட்டத்தின் கறுப்பு விளிம்பு, மேலே பால்வெளி.

தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். இருபது வருடமாக வானத்தைப் படமெடுத்தார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தன. “யாருக்குக் காட்டறதுக்கு எடுக்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்த ஜெஸிந்தா, அவர் ரிட்டையரான மறுவாரம் தனியாகக் கோயமுத்தூர் போய், பதினோரு படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டி எடுத்து வந்துவிட்டாள். முன்னறையிலிருந்த காலண்டர்களையும் பிளாஸ்டிக் பூக்களையும் அவளே கழற்றினாள். காலையிலிருந்து ஆறு மாட்டியாகிவிட்டது. இது ஏழாவது.

“இப்போ?”

பதில் இல்லை. அவள் அப்படித்தான். ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்துத்தான் சொல்லுவாள். அவர் திரும்பாமல் காத்திருந்தார்.

“சொல்லு ஜெஸி, கை வலிக்குது.”

திரும்பினார். அவள் சோபாவில் உட்கார்ந்து சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி டப்பா மடியில் கவிழ்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜீப்பில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் அரைமணி நேரமாவது இருக்கும் என்றார்.

“முன்னாடி நெஞ்சு வலின்னு ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இடப்பக்கம் ஏத்தச் சொன்னா,” என்றார் பிராங்ளின்.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார்.

மத்தியானம் முன்னறையிலேயே கிடத்தினார்கள். வேறு அறை எதுவும் அத்தனை பேருக்குப் போதாது. வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள். பிறகு அவர்கள் கண்கள் சுவருக்குப் போயின.

“இது என்னதுங்ணா, தீயா?” என்று ஒரு சிவப்புப் படத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டாள் எதிர்வீட்டு ஷண்முகப்ரியா.

“தீயில்லம்மா. நட்சத்திரம் பொறக்கற எடம். அந்த வெளிச்சம் கெளம்பி ஆயிரத்து முந்நூறு வருசம் ஆச்சு. நாம இப்பத்தான் பாக்கறோம்.”

சொல்லி முடித்ததும்தான் தன் குரல் அவருக்கே கேட்டது. யாரோ வீடு பார்க்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோல இருந்தது. ஷண்முகப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெஸிந்தாவின் தம்பி மரியஅந்தோணிதான் நாற்காலி, பெட்டி, கல்லறை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். அருகில் வந்து குனிந்தான்.

“மாமா, ஜெபத்துக்கு ஃபாதர் வர்றாருங்க. இந்தப் படத்தையெல்லாம் எறக்கிட்டு இருதய ஆண்டவர் படத்த மாட்டிரலாங்களா?”

“இருக்கட்டும்ப்பா. அவ இன்னும் சரின்னு சொல்லல.”

மரியஅந்தோணி அவரையே பார்த்தான். பிறகு இருதய ஆண்டவர் படத்தை அக்காவின் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

ஜெபம் முடிந்ததும் மறுபடி வந்தான். “போஸ்டர் அடிக்கறதுக்கு அக்கா போட்டோ ஒண்ணு வேணுங்க மாமா. உங்ககிட்ட இல்லாததா?”

பிராங்ளின் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். நிலா, சனி, கிரகணம், வால்நட்சத்திரம் என்று வகைவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். வெளியே யாரோ ஜெபமாலை தொடங்கினார்கள். அது முடியும்வரை தேடினார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அழிக்க வேண்டியவை என்று ஒதுக்கியிருந்ததில் இருந்தது. டீ ஃபிளாஸ்க்கோடு பின்வாசலுக்கு வந்தவளை, அப்படியே நில்லு, அசையாதே என்று நிறுத்தி எடுத்தது. கேமராவின் ஷட்டர் இருபது விநாடி திறந்திருந்தது. பின்னால் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகத் தெளிவாக இருந்தன. ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கும்கூடத் தெரிந்தன.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மரியஅந்தோணி தயங்கினான். “மூஞ்சியே தெரியலீங்களே மாமா.”

“சிரிச்சுட்டா,” என்றார் பிராங்ளின். “அசஞ்சுட்டா.”

படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாகச் சிறு சிறு கட்டங்கள் வந்தன.