எழுந்து போக ஒரு வழி

“வேணாம்னு சொன்னா?”

“வேற காட்டும்.”

“அதுவும் வேணாம்னா?”

“அதுக்கும் வேற காட்டும்.”

மதுமதி மறுபடியும் ‘வேண்டாம்’ என்று தட்டினாள். அவன் எழுதிய ப்ரோகிராம் ஓடிய லேப்டாப் திரையில் மாம்பழ நிறச் சேலை போய் மயில்கழுத்து வந்தது. அதுவும் வேண்டாம். அரக்கு வந்தது. தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னா வைரவா இது, வுட்டா நைட் பூரா காட்டிக்கினே இருக்கும் போல கீது? வாங்காம எழுந்து போறவ எப்படிப் போவா?”

“போக விடமாட்டோம்லா?” என்றான் வைரவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பருக்கை கீபோர்டில் விழுந்தது.

ரங்கநாதன் தெருச் சேலைக்கடை ஒன்றின் மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கீழே பில் போடுகிறவள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். அவன் பட்டுப் பிரிவில் சேலை காட்டுகிறவன். தபால் வழியில் பி.சி.ஏ. கடைசி வருஷம். சொந்தமாக எழுதிய ப்ரோகிராம் ஒன்றோடு வியாழக்கிழமை காலை இன்டர்வியூவுக்கு வரச்சொல்லியிருந்தது தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனி. ஊரிலிருந்து வந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த உலகம் இந்தக் கடைதான். அதையே எழுதியிருந்தான். வந்து உட்கார்ந்தவர் வெறுங்கையோடு போவது என்ற ஒன்று அந்த உலகத்தில் இல்லை.

“வெளிய போறதுக்கு ஒரு வழி வை. இல்லாங்காட்டி முதல் கேள்வியிலயே மாட்டிக்குவ.”

வைத்தான். ‘போதும்’ என்று தட்டியதும் எல்லாம் நின்றது. அந்த வெறும் திரை அவனுக்குப் பொறுக்கவில்லை. ‘சந்தோஷம், மறுபடி வாங்க’ என்று ஒரு வரி சேர்த்தான்.

“இது தேவையா?”

“சும்மா அனுப்ப முடியாதுல்லா.”

“சரி, அண்ணாச்சிகிட்ட லீவு கேட்டியா?”

கேட்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் பட்டுப் பிரிவில் யாருக்கும் லீவு கிடையாது. வயிற்றுவலி என்று சொல்லலாம்தான். ஆனால் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி தானே கஷாயத்தோடு அவன் தங்கியிருக்கும் மாடியறைக்கே ஏறி வந்துவிடுவார். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது தினமும் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து அவன் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை சொன்னவர். அவரிடம் பொய் சொல்ல நாக்கு புரளாது. உண்மையைச் சொல்வதோ, கடையை விட்டுப் போகிறேன் என்று சொல்வதேதான்.

அவன் இறங்கிப் போனபோது கீழே பட்டுப் பிரிவில் ஒரு கல்யாண வீட்டார் அப்போதுதான் பில்லுக்கு நகர்ந்திருந்தார்கள். விரித்த சேலைகளின் குவியலுக்கு நடுவே அண்ணாச்சி நின்றிருந்தார்.

“ஏல வைரவா, சாப்பிட்டியா? இந்த முனையப் பிடி.”

பிடித்தான். இருவரும் எதிரெதிரே விலகி நின்று சேலையை இழுத்து நேராக்கினார்கள். இனி மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும்.

“அண்ணாச்சி.”

“சொல்லுல.”

“தேனாம்பேட்டையில ஒரு கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ. வியாழக்கிழமை காலையில மட்டும் என்னைய விடணும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி அடியெடுத்து வைக்காமல் தன் முனையைப் பிடித்தபடியே நின்றார். நடுவில் பட்டு தொய்ந்து, மின்விசிறிக் காற்றில் மெல்ல உப்பியது.