தலைவர் பெயர் என்ற வரி

சங்கப் பதிவுப் படிவத்தில் ஒரு வரியைத் தவிர எல்லாம் நிரம்பிவிட்டது. நோக்கம்: டப்பா மூடி அடிக்கும் பிரஸ் எந்திரத்தில் அடிபடுவோருக்கு உதவி. லாபம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழியும் இருந்தது. 'தலைவர் பெயர்' என்ற இடத்தில்தான் ஃபிட்டரின் பேனா நின்றது. முந்தைய படிவத்தில் அங்கே தன் பெயரை எழுதிய பெயின்டரின் தாடையை முதலாளியின் ஆள் உடைத்தான். அடுத்து எழுதிய வெல்டர் ஊரைவிட்டே போனார். மூன்றாவதாக யாரை அடிவாங்க எழுதுவது?

படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு உள்ளே போனார். விடிவதற்குள் பிரஸ்கள் இடிக்கத் தொடங்கியிருந்தன.

பிரஸ் இயங்கும் விதம் எளிது. பெரிய சக்கரம் நிற்காமல் சுழலும். பெடலை மிதித்தால் சாவி என்ற இரும்புத் துண்டு அந்தச் சக்கரத்தை, தகட்டை அழுத்தும் கனத்த அச்சோடு பூட்டும். அச்சு விழும்; தகடு டப்பா மூடியாகும். காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் சாவியை விடுவிக்கும். ஸ்பிரிங் தேய்ந்துபோனால் சாவி விடுபடாது. மிதிக்காமலே அச்சு மறுபடி விழும். மூடியை எடுக்கப் போன கை அப்போது அடியில் இருக்கும்.

நான்காம் பிரஸ் அன்று மறுபடி விழுந்தது. அதில் இருந்தவள் ஃபிட்டரின் தங்கை. இரைச்சலில் அலறல் கேட்கவில்லை; திறந்த வாய் மட்டும் தெரிந்தது. ஃபிட்டர் மோட்டாரை நிறுத்தி, கடப்பாரை போட்டுச் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பினார். அச்சு எழுந்தது. இரண்டு விரல்கள் தகட்டோடு ஒட்டியிருந்தன.

முதலாளி, இரும்புக்கம்பி ஏந்திய தன் ஆளோடு வந்தார். "தூங்கி வழிஞ்சா கை போகத்தான் செய்யும். அடுத்தவளை உட்கார வை."

"ஸ்பிரிங் போச்சுன்னு மூணு தடவை சொன்னேன், முதலாளி."

"ஓ, சங்கம் பேசுதா? யாருடா தலைவர்?"

ஃபிட்டரின் கை சட்டைப்பையில் இருந்த படிவத்தை மூடிக்கொண்டது. கம்பி அவர் வலது தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது.

மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் அக்கா முன்னால் வந்தாள். "அவனை விடு. தலைவர் நான்தான். ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

முழங்காலில் அடி. விழுந்தாள்.

"அப்போ இப்ப நான்" என்றார் தகடு வெட்டுபவர். அவர் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது.

"அடுத்து நான்," "எனக்கு அப்புறம் இவன்" என்று குரல்கள் எழுந்தன. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கம்பிக்காரன் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இது வந்துக்கிட்டே இருக்கு. எத்தனை பேரை அடிக்கறது?"

"நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை கிடையாது!" என்று முதலாளி கத்தினார். தங்கையையும் அக்காவையும் தார்ப்பாயில் தூக்கிக்கொண்டு நாற்பத்தொரு பேரும் வெளியே நடந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிட்டர் படிவத்தை விரித்தார். இடது கையால் பேக்கிங் அக்காவின் பெயரை எழுதினார். விதிகளின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்: தலைவர் பதவிக்காலம் ஒரு நாள், உறுப்பினர் அனைவரும் முறை வைத்து ஏற்க வேண்டும், தலைவர் அடிபட்டால் அந்தக் கணமே அடுத்தவர் தலைவர்.