எழும்பாத கேக்

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. என் நாத்தனார் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதில் ‘ஆய்வகத்துக்கு வெளியே’ என்று ஒரு பக்கம். விஞ்ஞானிகளும் வீட்டில் ஏதோ செய்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டும் பக்கம். “எங்க அண்ணி எழுதுவாங்க” என்று இவள் அங்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவைக்க, அந்தப் பக்கம் என் தலையில் வந்து விழுந்தது.

போன் போட்டுக் கேட்டேன். “உன் பொழுதுபோக்கு என்னம்மா?”

“கேக் பண்ணுவேன். விசேஷம்னா பெருசா. அப்புறம் விரல் அளவு பொம்மைங்களுக்குப் பெயின்ட் அடிப்பேன். நடுவுல புரோகிராம் எழுதுவேன்.”

“அவ்வளவுதானா?”

“இதுக்கே நேரம் பத்தல அண்ணி!”

2.

எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்தக் கைகள் மாலையில் மாவு பிசையும்போது

[நிறுத்திவிட்டேன். கைகளில் தொடங்கும் கட்டுரை எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.]

சிறு வயதில் தனிமையில் வாடிய அவளுக்குப் பொம்மைகள்தான் துணை

[பச்சைப் பொய். ஒரே அறையில் நான்கு பேர் உருண்டு புரண்டு வளர்ந்த வீடு அது. அதில் ஒருவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவருக்கு இன்றைக்கும் போர்வையைப் பிடுங்கும் பழக்கம் போகவில்லை.]

இரண்டாவதை அவளிடம் படித்தும் காட்டிவிட்டேன். 

“ஏன் அண்ணி, மனசுல ஏதாவது துக்கம் இருந்தாத்தான் ஒருத்தி கேக் பண்ணணுமா?”

மூக்கு உடைந்தது. எழுதுகிறவர்களின் வியாதி இது. ஒருத்தி சந்தோஷமாக ஒன்றைச் செய்துவிட்டால் எங்களுக்குப் பொறுக்காது. எங்கே காயம், எங்கே காயம் என்று தோண்டிக்கொண்டே இருப்போம். இவளுக்குக் காயம் ஒன்றும் இல்லை. பிடித்திருக்கிறது, செய்கிறாள். ஏன் பிடித்திருக்கிறது என்று நச்சரித்ததற்கு இப்படிச் சொன்னாள்: “கேக்ல தப்பு பண்ணா உடனே தெரிஞ்சிடும். பெயின்ட்லயும் அப்படித்தான். புரோகிராம் மட்டும் தப்பா இருந்தாலும் சிரிச்சுக்கிட்டே ஓடும். அதான் அதைப் பிடிச்சு மடக்குறதுல ஒரு குஷி.”

சொல்லிவிட்டு, “அந்தக் கூத்தை உங்ககிட்ட சொல்லலையே நான்” என்று ஆரம்பித்தாள். அவள் முடித்தபோது என் காப்பி ஆறிப்போயிருந்தது. மலருக்கு அவளுடைய பொம்மைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். இதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

3.

ஆகவே கதை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன். (முடிந்தவரை.)

அவளுடைய குழுவில் ஒரு நண்பன் இருக்கிறான். கல்லூரியிலிருந்தே கூட இருப்பவன். பெயர் சொல்லி அவனை யாரும் கூப்பிடுவதில்லை, சல்லடை என்றால்தான் திரும்புவான். குழாய்த் தண்ணீரில் கலந்து வரும் ஈயத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு வடிகட்டி அவன் செய்தது. அதற்காகப் பாதி ஆயுசைக் கொடுத்திருக்கிறான். அவன் வடிகட்டுவான், அவள் அளப்பாள். காலையிலிருந்து மாலை வரை தண்ணீரை ஓடவிட்டு, வரிசையாகப் பாட்டில்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஈயம் என்று அவளுடைய புரோகிராம் கணக்குப் போடும். வடிகட்டி மாலை வரை களைக்காமல் நிற்கிறது என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்தது. குடிநீர் வாரியமும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு குடியிருப்பு முழுக்க அதை மாட்டப்போகிறார்கள். சனிக்கிழமை மதியம் அதிகாரி வந்து கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்து ஆனதும் கேக் வெட்டு.

கேக் அவள் பொறுப்பு. அதன்மேல் நிற்க வேண்டிய பொம்மைகளை முந்தின வாரமே முடித்துவிட்டாள். குழுவில் இருக்கும் அத்தனை பேரும் கட்டைவிரல் உயரத்தில் தயார். அவள் கணவர் பல் டாக்டர். பல்லைப் பார்க்க அவர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி சாயங்காலமானால் இவள் மூக்கில் இருக்கும். சல்லடையின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் எப்போதும் இருக்காது. பொம்மையிலும் இல்லை.

இவ்வளவு பெரிய கேக் அவள் செய்ததில்லை. அதனால் வீட்டு அளவைக் கூட்டம் சாப்பிடும் அளவாக மாற்றிக் கொடுக்க ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினாள். திரையில் வந்ததை வந்தபடி நிறுத்துப் போட்டாள். சனிக்கிழமை காலை ஓவனைத் திறந்தால், தட்டில் ஒரு செங்கல்.

4.

“பேக்கிங் பவுடரை மறந்துட்டே” என்றார் பல் டாக்டர், விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு.

“மறக்கல. ஸ்க்ரீன்ல வரல.”

“வரலேன்னா என்ன? இத்தனை வருஷமா கேக் பண்றே, கை தானா போட்டிருக்காதா?”

“அளந்துதான் போடுவேன். கை தானால்லாம் போடாது.”

[நீங்களும் நானும் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. நம் கை பழக்கத்தில் ஒரு சிட்டிகையைத் தூவியிருக்கும். அளவுக்கு இவ்வளவு கீழ்ப்படிகிறவளால்தான் இவ்வளவு தட்டையான கேக்கைச் செய்ய முடியும்.]

“சரி, விடு. மறுபடி கலக்கு, நேரம் இருக்கு” என்றார் அவர்.

அவள் கலக்கவில்லை. மடிக்கணினியைச் சமையல் மேடையில் வைத்துத் திறந்தாள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் ஒழுங்காகப் பெருகியிருந்தன. கடைசியாக இருந்த பேக்கிங் பவுடர் மட்டும் காணோம். வேறு ஒரு பலகாரத்தின் அளவைக் கொடுத்துப் பார்த்தாள். அதிலும் கடைசி வரி காணோம். எதைக் கொடுத்தாலும் கடைசி வரியை விழுங்கிவிட்டு மற்றதை அழகாகக் காட்டியது.

சிரிப்பு வந்தது. திருடன் அகப்பட்டான். வரிகளைப் படிக்கும் இந்தப் புரோகிராம் துண்டை எங்கிருந்து எடுத்தோம் என்று மேலே தேடிக்கொண்டு போனாள்.

சிரிப்பு நின்றது. அந்தத் துண்டை அவள் புதிதாக எழுதவில்லை. சோம்பல்பட்டு, ஆய்வகத்தில் பாட்டில்களின் அளவுகளைப் படிக்கும் தன் பழைய புரோகிராமிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள்.

 அங்கேயும் கடைசி வரி விழுந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு நாளும் கடைசி பாட்டிலை யாருமே பார்க்கவில்லை. நாளெல்லாம் உழைத்து வடிகட்டி ஓய்ந்துபோகும் நேரத்துத் தண்ணீர் அதில்தான் இருக்கிறது. மாலை வரை நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாலையை அளக்கவே இல்லை.

5.

இங்கே நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்து ஆகிறது, கேக் வெட்டுகிறார்கள், திங்கட்கிழமை தனியாக உட்கார்ந்து சரிபார்க்கிறாள். [அடித்துவிட்டேன். அதற்குள் வடிகட்டியை மாட்டிவிட மாட்டார்கள்தான். ஆனாலும் கையெழுத்தான ஒன்றைத் திருப்பி வாங்குவது என்ன பாடு என்று ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.]

முடிவு இரண்டு: ஆய்வகத்துக்கு ஓடிப்போய், பிழையைத் திருத்தி ஓடவிடுகிறாள். கடைசி பாட்டில்களும் சுத்தம். பெருமூச்சு விட்டுவிட்டு, சிரித்த முகமாகக் கேக்கைக் கொண்டுபோய் வைக்கிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. நானும் அதைத்தான் பண்ணப் போனேன் அண்ணி” என்றாள்.

6.

போனாள். அதற்கு முன்னால் இரண்டாவது கேக்கைக் கலந்து, பேக்கிங் பவுடரைக் கணவர் கண்ணெதிரில் போட்டு, ஓவனில் ஏற்றினாள். அது உப்பியது. பல் டாக்டர் காரை ஓட்ட, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைகள் விழாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் மேடு பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டினார். அவ்வளவு புண்ணியம் அவருக்கு.

கேக்கை மேஜையில் வைத்துவிட்டு நேராகக் கணினி அறைக்குப் போனாள். பிழையைத் திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வருடம் முழுவதும் எடுத்த அளவுகளை அந்தப் பழைய கணினி படித்து முடிக்கத்தான் நேரமாகும். விரல் பொத்தான்மேல் இருந்தது. தட்டினால் ஓடும். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

தட்டவில்லை. வெளியே போய்ச் சல்லடையைக் கூட்டிவந்தாள்.

[ஏன் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை என்னால் எழுதியிருக்க முடியாது: “நல்ல விடை வந்திருந்தா நான் யார்கிட்டயும் வாயே திறந்திருக்க மாட்டேன் அண்ணி. என்னை எனக்குத் தெரியும்.”]

அவன் புதுச் சட்டை போட்டிருந்தான், எல்லாப் பட்டனும் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுண்டியது.

“உன் கேக் எழும்பலேன்னா அதுக்கு என் ஃபில்டர் என்ன பண்ணும்?”

“ரெண்டையும் படிச்சது ஒரே புரோகிராம்டா. தப்பு என்னோடது.”

“தப்பு உன்னோடது, போறது என்னோடது!” அவன் குரல் வெளியே கேட்டிருக்கும். “திங்கக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா? என் பொண்டாட்டி, அவ அம்மா, எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க.”

“அந்த ஆபீசர் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அந்தத் தண்ணியைக் குழந்தைங்க குடிக்கும்டா.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். அவளுக்கு அழுகை முட்டியது. பொம்மைகளில் அவனுக்குத்தான் அதிக நேரம் செலவழித்திருந்தாள், அந்த மீசை லேசில் வரவில்லை.

“சரி, நானே போய்ச் சொல்றேன்” என்றாள்.

“நீ எதுக்கு? ஃபில்டர் யாரோடது? நான் சொல்றேன்.”

அவன் போனான். கதவு திறந்தே கிடந்தது. சாப்பாட்டு அறையின் கலகலப்பு அப்படியே அடங்கியதும், அவன் தொண்டையைச் செருமியதும் கேட்டது. “கையெழுத்து இன்னிக்கு வேண்டாம் சார். ஒரு அளவு பாக்கி இருக்கு.” அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

7.

கடைசி பாட்டில் சொன்ன விடை எனக்குத் தெரியும். அதைக் கடைசி வரியாக எழுதியும் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, “ஆமா, இப்பத்தான் முழுசா இருக்கு” என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. நல்ல விடை என்றால், பாவம், வீணாகக் கொண்டாட்டத்தைக் கெடுத்தாளே என்பீர்கள். கெட்ட விடை என்றால், நல்லவேளை, பிழைத்தார்கள் என்பீர்கள். இரண்டிலும் அவளை அந்த எண்ணை வைத்து எடைபோட்டுவிடுவீர்கள். அவள் அவனைக் கூப்பிட்டபோது எண் எதுவும் அவள் கையில் இல்லை. அதனால் உங்கள் கையிலும் கொடுக்கமாட்டேன். அந்த வரியை அவளுடைய புரோகிராம் தெரியாமல் விழுங்கியது. நான் தெரிந்தே விழுங்குகிறேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் எழுதும் முன் ஒரு கணம் அந்தப் பொத்தான்மேல் விரலை வைத்துப் பாருங்கள்.

8.

சல்லடை திரும்பி வந்தபோது கையில் ஒரே தட்டு, அதில் இரண்டு துண்டு கேக்.

“வெட்டிட்டியா?” என்றாள்.

“பின்ன? எது வந்தாலும் கேக் கேக்தானே. ஆபீசர் ரெண்டாவது துண்டு சாப்பிடறார்.” நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து தன் பொம்மையை எடுத்து, காலில் ஒட்டியிருந்த கிரீமை நக்கித் துடைத்துவிட்டு, திரைக்கு மேலே நிறுத்தினான். உற்றுப் பார்த்தான். “பட்டன் இல்லாததைக்கூட விடலையா நீ!”

“தட்டட்டுமா?”

“தட்டு.”

தட்டினாள். ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறிப்போயின. அவன் ஒரு வாய் கேக்கை மென்றுகொண்டே கேட்டான். “இதுல பவுடர் போட்டியா?”

“போட்டேன்டா.”

“நல்லா வந்திருக்கு.”

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தட்டு காலியாகும்போது கடைசி ஃபைல் திறந்தது. கீழே ‘கடைசி பாட்டில்’ என்று வந்தது, அதற்குப் பக்கத்தில்