பத்து மணித்தியாலச் சட்டம்

வாய்மொழிப் பரீட்சை அறைக்கு வெளியே சாம்பவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி இருந்தாள். அவளோடு சேர்ந்து செயற்றிட்டம் செய்யும் ரொஷேலை உள்ளே கூப்பிட்டு இருபது நிமிடமாகிவிட்டது.

எல்லாம் அந்தப் புதுச் சட்டத்தால் வந்த வினை. கணினிச் செயற்றிட்டம் என்று பிள்ளைகள் நித்திரை முழித்துச் சாகிறார்களே என இரங்கிய விரிவுரையாளர் இராஜநாயகம், ஒருவர் கிழமைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, செய்ததைப் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுசன், நல்ல சட்டம். ஆனால் வெள்ளவத்தையில் டியூசன் டியூசனாக ஓடி வளர்ந்த சாம்பவிக்குப் பத்து மணித்தியாலம் எந்த மூலைக்கு? இருவர் செய்யவேண்டிய மருந்துக்கடைச் செயலியை முழுக்கத் தானே எழுதினாள். தன் பெயரில் பத்தைப் போட்டாள், மிச்சத்தை ரொஷேலின் பெயரில் போட்டாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ரொஷேல், "எனக்கும் ஏதாவது குடு" என்று கேட்காத கிழமையில்லை. "நீ சும்மா இரு, நான் பாக்கிறன்" என்பாள் சாம்பவி. அதை உதவி என்றே நம்பினாள். பெரிய தர்மவதி!

இன்று சாம்பவியிடம் கேள்வி கேட்டு முடித்த இராஜநாயகம், பதிவைப் புரட்டியபடி, "ரொஷேல் எழுதின பகுதியை அவவிட்டயே கேக்கிறன்" என்றார். விளக்கத் தெரியாவிட்டால் ரொஷேல் பெயில்.

பொறுக்க முடியாமல், கதவைத் தட்டாமலே சாம்பவி உள்ளே போனாள். ரொஷேல் திரையைப் பார்த்தபடி நின்றாள். பதில் சொல்லவுமில்லை, காட்டிக்கொடுக்கவுமில்லை.

"சேர், அது நான் எழுதினது. ரொஷேலின்ர பேரில மணித்தியாலம் போட்டதும் நான்தான்."

இராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ரொஷேல் என்ன செய்தவ?"

சாம்பவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு கிழமை தாறன். இந்தப் பகுதியை ரொஷேல் புதுசா எழுதி விளக்கவேணும். நீர் கை வைக்கக்கூடாது. உம்மட புள்ளியைப் பிறகு பாப்பம்."

வெளியே வந்ததும் சாம்பவி ரொஷேலின் கையைப் பிடித்தாள். "இண்டைக்கே எங்கட வீட்ட வா, எல்லாம் சொல்லித்தாறன். ரெண்டு நாளில முடிச்சிடலாம்." சேர் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ரொஷேல் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம் சாம்பவி. பெயிலானாலும், நான் செஞ்ச வேலைல பெயிலாகுறேன்."