துரை குதித்தாரா?

சின்னத்தங்கத்துக்கு அந்தப் பயணம் முதல் நாளிலிருந்தே பிடிபடவில்லை. மட்டக்களப்பு றெஸ்ற் ஹவுஸ் குசினியில் பல வருடம் சமைத்தவள் அவள். வெள்ளைக்காரர் எதை விரும்பிச் சாப்பிடுவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். அங்கே வந்து தங்கிய ஒரு துரையும் துரைசாணியும், தங்கள் பாய்ப்படகில் வடக்கே போவதாகவும் சமைக்க ஆள் வேண்டுமென்றும் கேட்டார்கள். அவளுடைய அண்ணன் சீனித்தம்பியைச் சுக்கான் பிடிக்க ஏற்கெனவே அமர்த்தியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் அவளும் ஏறிவிட்டாள். ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசி, கடல் குளம்போலக் கிடந்தது.

எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மீன் பிடிக்கவில்லை, சரக்கு ஏற்றவில்லை. பாசிக்குடாவில் நங்கூரம் போட்டார்கள், சும்மா இருந்தார்கள், கிளம்பினார்கள். சின்னச் சின்னத் தீவாகப் பார்த்து இறங்கி, முள்ளுப் பற்றைக்குள்ளால் நடந்து, மறுபக்கக் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். புறப்பட்ட இடத்திலும் அதே கடல்தான் இருந்தது. புதையல் தேடுகிறார்கள் என்று சீனித்தம்பி சொன்னான். அப்படியென்றால் மண்வெட்டி எங்கே என்று அவள் கேட்டாள்.

வாகரைப் பக்கத்தில் ஒரு தீவுக்கு அருகே படகு நின்ற காலை நேரம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தியபோது, துரைசாணி தண்ணீரில் குப்புறக் கிடந்தாள். தலைமயிர் பாசியைப்போல விரிந்திருந்தது. கைகள் அலையோடு அசைந்தன. சின்னத்தங்கம் துரையைக் கூப்பிட்டாள். படகின் முன்புறம், அணியத்தில் சுங்கானில் புகையிலை பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புகையை ஊதினார்.

அவள் சேலையோடு குதித்தாள். செட்டிபாளையத்தில், வாவிக்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் புதிதல்ல. துரைசாணியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் புரட்டினாள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். வாயில் ஒரு குழாய். துரைசாணி தண்ணீரைக் குடித்துத் திணறி அவளை அடித்தாள். பிறகு யாரென்று கண்டதும் அவள் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

படகில் ஏறிய பிறகு துரை கையால் காட்டி விளக்கினார். கண்ணாடி, அடியிலுள்ள கல்லையும் மீனையும் பார்க்க. குழாய், மூச்சு விட. இவ்வளவு நாளும் தீவுகளுக்கு அந்தப் பக்கம் போய் அவர்கள் செய்த வேலை இதுதானாம். சீனித்தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். துரையும் சிரித்தார். துரைசாணி சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் துரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் கரையில் ஒரு கற்பாறை மலையில் ஏறினார்கள். தண்ணீர்ப் போத்தலோடு சின்னத்தங்கமும் போனாள். துரை திரும்பிப் பாராமல் முன்னே ஏறிக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஒரு நாவல் மரத்தடியில் துரைசாணி உட்கார்ந்தாள். சின்னத்தங்கத்தையும் உட்காரச் சொல்லி, குசினி இங்கிலீசில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். நேற்று நீ குதித்தாய். துரை குதித்தாரா?

சின்னத்தங்கம் தடுமாறிப் போனாள். ஓம் என்பது பொய். ஆனால் அந்தப் பொய்யைத்தான் அவள் கேட்க விரும்புகிறாளோ? முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. துரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். துரைசாணி தலையசைத்தாள். அதற்கு மேல் அவள் மலை ஏறவில்லை.

பாசிக்குடாவுக்குத் திரும்பினார்கள். துரையும் துரைசாணியும் சண்டை பிடித்ததாகவே தெரியவில்லை. உப்பைக் கொடு என்று கேட்கும் குரலில்தான் பேசினார்கள். ஆனால் காலையில் துரைசாணி ஒரு தோல் பையோடு கரையில் இறங்கினாள். படகு துரையையும் சீனித்தம்பியையும் சுமந்துகொண்டு திருக்கோணமலைப் பக்கம் போனது. கல்குடா ஸ்டேசனுக்குச் சின்னத்தங்கம்தான் கூட்டிப் போனாள். துரை கோபமா என்று வழியில் கேட்டாள். இல்லை என்றாள் துரைசாணி. அப்படியானால் நீங்கள் கோபமா? அதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. பிறகு துரைசாணி நீளமாக ஏதோ சொன்னாள். அதில் 'தண்ணீர்', 'தனியே' என்ற இரண்டு சொற்கள்தான் சின்னத்தங்கத்துக்கு விளங்கின. கொழும்பு ரயில் வந்தது. துரைசாணி அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அண்ணன் வரும்வரை சின்னத்தங்கம் பாசிக்குடாவில் மச்சாள் சீதேவிப்பிள்ளையின் வீட்டில் தங்கினாள். எதிர்பார்த்ததற்கு முன்பே படகு திரும்பி வந்துவிட்டது. துரை முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்து, துரைசாணி எங்கே, என்ன சொன்னாள் என்று கேட்டார். அவள் நாவல் மரத்தடிக் கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

துரை மணலில் உட்கார்ந்துவிட்டார். "அவள் நீந்திக்கொண்டல்லவா இருந்தாள்" என்று இங்கிலீசில் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

"ஓம் துரை, நீந்தினவதான்" என்றாள் அவள்.

படகைச் சீனித்தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு அவரும் ரயிலேறினார்.

"துரை குதிச்சவர் எண்டு சொல்லியிருக்க வேணுமா அண்ணன்?" என்று சின்னத்தங்கம் கேட்டாள்.

"அவர் குதிக்கல்லத்தானே."

"ஓம். அவ தாழவும் இல்லத்தானே. மறுகா அவர் ஏன் குதிக்க வேணும்?"

"எனக்கென்ன தெரியும் புள்ள? திருக்கோணமலை கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே, திருப்பு எண்டார்."

வாடைக்காற்று தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, படகை எடுத்துப்போகத் திருக்கோணமலையிலிருந்து ஒரு மாலுமி வந்தான். யார் அனுப்பியது என்று சின்னத்தங்கம் கேட்டாள். துரைசாணிதான் என்றான். துரையும் கூட இருக்கிறாரா என்றாள். அது தனக்குத் தெரியாது என்று சொல்லிப் படகின் பாயை விரித்தான்.

அவர்கள் சேர்ந்தார்களா என்று ஊரில் பெண்கள் கேட்பார்கள். சில பேரிடம் ஓம் என்பாள், சில பேரிடம் இல்லை என்பாள். எப்படிச் சொன்னாலும் பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றியதில்லை.